கடலை என்றால் எந்தக் கடலை?

போன வாரம் முழுக்கப் பத்திரிகைகளில் எல்லைச் செய்திகள்தான். எந்த ஊர் தமிழ், எந்த ஊர் மலையாளம், எங்கே கூட்டம், எங்கே கடையடைப்பு... வழக்கம்போல எல்லாவற்றையும் தேதிவாரியாக வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தேன். செவ்வாய்க்கிழமை மட்டும் ஒட்டவில்லை. அன்று பக்கத்து வீட்டுக் குழந்தையோடு திருவனந்தபுரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இருந்தேன்.

பக்கத்து வீட்டுக்காரர் செல்லையன். பாறசாலையில் தையல் கடை. தமிழ் ஊர்களை மதராஸோடு சேர்க்கச் சொல்லும் போராட்டம் சூடுபிடித்ததிலிருந்து மலையாளம் பேசுவதில்லை என்று சபதம். பிறந்ததிலிருந்து இரண்டையும் கலந்தே பேசிய மனிதர்!

வறுத்த நிலக்கடலைக்கு எங்கள் பக்கத்துத் தமிழர் வீடுகளிலும் மலையாளத்தைப் போலக் ‘கப்பலண்டி’ என்றுதான் பெயர். கடலை என்றால் புட்டுக்குத் தொட்டுக்கொள்ளும் கொண்டைக்கடலை. செல்லையனோ மதராஸ் பத்திரிகைகளைப் பார்த்து, கப்பலண்டியைக் ‘கடலை’ என்று சொல்லப் பழகியிருந்தார். சொல்லட்டுமே, யாருக்கு என்ன நஷ்டம்?

அவருடைய மகள் கிரேஸுக்கு ஒன்றரை வயது. ஞாயிறன்று அப்பா மடியில் உட்கார்ந்து கப்பலண்டியைத் தின்றுகொண்டே சிரித்தாள். திடீரென்று இருமல். முகம் நீலம் பாய்ந்தது. பிறகு தானே அடங்கிவிட்டது. “இறங்கிப் போச்சு” என்று எல்லோரும் பெருமூச்சு விட்டோம்.

இறங்கித்தான் போயிருந்தது — மூச்சுக்குழாய்க்குள்.

மறுநாள் காய்ச்சல். மூச்சில் விசில் சத்தம். அதற்கடுத்த நாள் ஆஸ்பத்திரி.

டாக்டர் கோட்டயத்துக்காரர்; தமிழ் அவ்வளவாகப் பழக்கமில்லை. வலது நெஞ்சில் காற்று சரியாகப் போகவில்லை என்றார். மயக்க மருந்து கொடுத்து, வாய் வழியாக ஒரு குழாயை இறக்கி, அதற்குள் நீளமான இடுக்கியை விட்டு எடுக்க வேண்டுமாம். உள்ளே இருப்பதைப் போலவே ஒன்றை வெளியே கவ்விப் பார்த்துத்தான் இடுக்கியைத் தேர்ந்தெடுப்பாராம்.

“குட்டி எந்தா தின்னது?” குழந்தை என்ன தின்றது என்று கேட்டார்.

“கடலை” என்றார் செல்லையன்.

நர்ஸ் அடுக்களைக்குப் போய்க் கொண்டைக்கடலை கொண்டுவந்தார். டாக்டர் பல் வைத்த ஒரு முரட்டு இடுக்கியால் அதைக் கவ்வினார். வழுக்கவில்லை. “இது மதி”, அதாவது இதுவே போதும் என்று திரும்பினார்.

“இது இல்ல!” என்றார் செல்லையன். “வேர்க்கடலை.”

“எந்து?”

“நிலக்கடலை... மணிலாக்கொட்டை!”

டாக்டர் நர்ஸைப் பார்த்தார். நர்ஸ் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் குழந்தையின் அம்மா ஞானம் வெடித்துவிட்டாள்.

“பிள்ளைக்க மூச்சு இழுக்குது, நீங்க இங்க தமிழ் படிச்சுக் குடுக்கியளா? வீட்டில சொல்லுத பேரைச் சொல்லுங்க. நாக்கு ஒண்ணும் அறுந்து விழாது!”

செல்லையன் தலையைக் குனிந்துகொண்டார்.

“கப்பலண்டி, சாரே... கப்பலண்டியாக்கும்.”

டாக்டர் கையிலிருந்த இடுக்கியைக் கீழே வைத்தார். “ஈஸ்வரா! இதுகொண்டு பிடிச்சால் அது பொடிஞ்ஞு போகும்.” பொடிந்தால் துண்டுகள் இரண்டு பக்க நுரையீரலுக்கும் சிதறும். அப்புறம்? மூச்சே அடைத்துவிடும். டாக்டர் நுனி குழிந்த, மெல்லிய இடுக்கி ஒன்றை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

நாங்கள் வராந்தாவில் நின்றோம். செல்லையன் சுவரைப் பார்த்தபடியே கேட்டார்.

“அண்ணே, தமிழ்ல அது கடலைதானே? நான் சரியாத்தானே சொன்னேன்?”

“சரியாத்தான் சொன்னீரு” என்றேன். வேறென்ன சொல்ல?

கதவு திறந்தது. டாக்டர் கையில் ஒரு துண்டுத் துணி. அதில் ஊறி வெளுத்துப்போன பாதிப் பருப்பு. சற்றுப் பொறுத்து உள்ளேயிருந்து கரகரத்த அழுகை கேட்டது. ஞானம் “ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்” என்று அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

நான் தமிழ்ப் பக்கம்தான். அதில் சந்தேகமில்லை. ஆனாலும் அலுப்பாக இருக்கிறது... தின்கிற பண்டத்தின் பெயரைச் சொல்வதற்குக்கூட ஒரு மனிதன் யோசிக்க வேண்டியிருக்கிறதே!

எல்லை எங்கே வேண்டுமானாலும் விழட்டும். கடைவாய்ப் பல் முளைக்காத பிள்ளை கையில் மட்டும் அந்தப் பருப்பைக் கொடுக்காதீர்கள் — எந்தப் பெயர் சொல்லி அழுதாலும்.