பண்பொழிச் சேற்றில் அத்தை ஓட்டிய பந்தயம்

அத்தைக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். அதுவும் யார்மேல் வர வேண்டுமோ அவர்களை விட்டுவிட்டு என் அப்பாமேல் வந்துவிட்டதே என்று எனக்கு அவள்மேல் ஆத்திரமாக இருந்தது.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. புளியங்குடிச் சந்தைக்கு எலுமிச்சை லோடு ஓட்டுவாள். அப்பாவுக்குத் தென்காசியில் ஒர்க்‌ஷாப். குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் பண்பொழிப் பக்கம் ஒரு தரிசு வயலை உழுது, தண்ணீர் கட்டி, சேற்றில் ஜீப் பந்தயம் விடுவார்கள். அந்த வருஷம் அத்தையும் பெயர் கொடுத்தாள். ஓட்டியவர்களில் பெண் அவள் ஒருத்திதான். ஜீப்பைத் தயார் செய்தது அப்பா.

பந்தயத்தில் ஒரு விதி மட்டும் கறார். சக்கரம் வழுக்கிச் சுழலும்போது இஞ்சினைத் தானாக அடக்குகிற எலக்ட்ரானிக் சாமான் எதுவும் வண்டியில் இருக்கக் கூடாது. அடக்க வேண்டியது ஓட்டுகிறவரின் கால்.

முந்தின நாள் ஓட்டிப் பார்த்தபோது, "யண்ணே, மிதிச்சா இஞ்சின் விக்குதே" என்றாள் அத்தை. பெட்ரோலில் தூசி இருக்கும் என்று சொல்லி அப்பா பானட்டை மூடிவிட்டார்.

மறுநாள் அத்தை ஜெயித்தாள். சும்மா இல்லை, மற்ற வண்டிகள் வளைவில் சிக்கி உறுமிக்கொண்டிருக்க, இவள் கோடு போட்ட மாதிரி வழுக்காமல் வந்து சேர்ந்தாள். கோப்பையை அவள் கையில் கொடுத்ததுமே இரண்டாவதாக வந்த செங்கோட்டை அண்ணாச்சி கத்த ஆரம்பித்தார்.

"எங்க சக்கரமெல்லாம் பம்பரமாச் சுத்துது. இவ வண்டி மட்டும் தார் ரோட்டுல போற மாதிரி போவுது. உள்ள என்னமோ வச்சிருக்கா!"

"பொம்பள ஜெயிச்சா உள்ள என்னமாவது இருக்கணுமோ?" என்றாள் அத்தை. "பிரிச்சுப் பாருங்க. இங்கனயே, எல்லாருக்கும் முன்னால பிரிங்க."

எனக்கு வந்த கோபத்தில் ஒரு கை சேற்றை அள்ளி அண்ணாச்சியின் ஜீப் கண்ணாடியில் எறிந்தேன். அப்பா மட்டும் அத்தையின் கையைப் பிடித்து இழுத்தார். "எதுக்குளா வம்பு? வா, வீட்டுக்குப் போவோம்."

"களவாண்டவன்தான் ஓடணும். நான் எதுக்குப் போவணும்?"

பிரித்தார்கள். டேஷ்போர்டுக்குப் பின்னால், வயரோடு வயராகக் கறுப்பு டேப் சுற்றிய ஒரு சின்னப் பெட்டி இருந்தது. தடை செய்யப்பட்ட அதே சாமான். முந்தின நாள் இஞ்சின் விக்கியது இதனால்தான். கூட்டம் ஊளையிட்டது. "நான் சொல்லலியா!" என்று அண்ணாச்சி கைதட்டிச் சிரித்தார்.

அத்தை அவர் பக்கம் திரும்பவே இல்லை. அப்பாவைத்தான் பார்த்தாள்.

"ஒனக்கு நல்லதுக்குத்தாம்ளா வச்சேன்" என்றார் அப்பா, பக்கத்தில் நின்ற எங்களுக்கு மட்டும் கேட்கிற குரலில்.

அவள் பெட்டியை வயரோடு பிய்த்து அப்பாவின் நெஞ்சில் எறிந்தாள். கோப்பையைக் கொண்டுபோய் மேஜையில் வைத்தாள். "இப்ப அது இல்ல. ஒரே ஒரு தடவ ஓட்டிக் காட்டுதேன். பரிசு வேண்டாம்" என்று பந்தயம் நடத்தியவர்களிடம் கேட்டாள். முடியாது என்றுவிட்டார்கள். அவர்களுக்குச் சாப்பாட்டு நேரம்.

பிறகு அப்பாவிடம் வந்து நின்றாள்.

"அவன் என்னைக் களவாணின்னான். அது கெடக்கட்டும். நான் தன்னால ஜெயிப்பேன்னு நீ நெனைக்கவே இல்லையாண்ணே?"

அப்பா குனிந்து ஸ்பானர்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். அத்தை சேற்று உடையோடு பஸ் ஏறிப் போய்விட்டாள்.

இவ்வளவு உதவி செய்த அண்ணனை இப்படிப் பேசலாமா என்று வழியெல்லாம் எனக்கு மனசு கொதித்தது. கூட்டத்தின் இரைச்சலில் அவள் கேட்டது அவர் காதில் விழவில்லை என்றுதான் நினைத்தேன்.