ரோமம் இல்லாத போர்வை

ஆட்டைக் குளிரிலிருந்து காப்பாற்றுவது அதன் தோல்தான் என்று நாற்பத்தோரு வயது வரை நம்பிக்கொண்டிருந்தேன். மீன் விற்கிறவர் இப்படிச் சொன்னால் மன்னிக்கலாம். நான் ஆம்பூரில் ஒரு தோல் மண்டியில் கடிதம் எழுதுகிற குமாஸ்தா. ரோமத்தைச் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறவைத்து வழித்தெறிந்துவிட்டு, மிச்சத்தைத்தான் சீமைக்கு அனுப்புகிறோம் என்பதை இங்கிலீஷில் எத்தனையோ தடவை நானே எழுதியிருக்கிறேன்.

அந்த மார்கழிக் கடைசியில், தோல் பதனிடக் கடுக்காய் பார்த்துவரச் சொல்லி முதலாளி என்னையும் தம் தம்பியையும் ஜவ்வாது மலைக்கு அனுப்பினார். தம்பி பள்ளிக்கூட நாளிலிருந்து எனக்குத் தோஸ்த். மலையூரில் படுக்க இடம் கிடைத்திருக்கும். நான்தான் வேண்டாம் என்றேன். வெள்ளைக்காரர்கள் காட்டில் கூடாரமடித்துத் தங்குவதைப் பற்றி நிறையப் படித்திருந்தேன். கூடாரம் இல்லாவிட்டால் என்ன, படிப்பு இருந்ததே!

"தோல்காரனுக்குக் கம்பளி எதுக்கு?" என்று பதனிட்ட ஆட்டுத்தோல் ஒரு கட்டு எடுத்துக்கொண்டேன்.

"இன்னாவோ உன்ன நம்பி வர்றேன்" என்றான் அவன். "பேஜார் ஆச்சுன்னா என் நாலு பொண்ணுங்களுக்கும் நீதான் பதில் சொல்லணும்."

மத்தியானம் ஏறும்போதே தூறல். பாறையோரம் ஒதுங்கியபோது இருவரும் தொப்பலாக நனைந்திருந்தோம். காற்று வேறு. ஈரச் சட்டையோடேயே தோல்களைப் போர்த்திக்கொண்டோம். அவை எங்களைச் சூடாக்கவில்லை. எங்கள் ஈரத்தைக் குடித்துக் கனத்துச் சில்லிட்டன. ஈர விறகில் மூட்டிய நெருப்பு புகைந்ததே தவிர எரியவில்லை.

பொழுது சாய்வதற்குள் அவனுக்குப் பல் கிட்டித்தது. உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. பிறகு நடுக்கம் நின்றது. அப்பாடா, சூடு பிடித்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். நடுங்கக்கூடத் தெம்பில்லாமல்தான் உடம்பு ஓய்ந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

"மண்டிக் கதவு சாத்தியாச்சா?" என்றான் குழறிக்கொண்டே. பிறகு சட்டைப் பொத்தானைத் தடவ ஆரம்பித்தான். "சூடு ஜாஸ்தி..."

கையைத் தொட்டேன். உயிருள்ள கை மாதிரியே இல்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டேன். கண் என் பக்கம் திரும்பியது, என்னைப் பார்க்கவில்லை. நான் படித்த புத்தகங்களில் ஒன்றிலிருந்து ஒரு வரியாவது ஞாபகம் வர வேண்டுமே! வரவில்லை. அவனை நெருப்போரம் இழுத்துப்போட்டு, காலைப் பரபரவென்று தேய்த்தேன். கூடவே கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியாது.

கத்தல் கேட்டு மலைக்காரர் ஒருவர் ஓடிவந்தார்.

"தேய்க்காதே சாமி! நெருப்புல காட்டாதே! தூக்கு, தூக்கு!"

அவர் குடிசை கூப்பிடு தூரத்தில் இருந்தது. ஈரத்துணி அத்தனையையும் உருவிப் போட்டார். கீழே வைக்கோலைக் கனமாகப் பரப்பினார். தலையைச் சுற்றித் துணி கட்டினார். அவர் மனைவி சூடான கல்லைத் துணியில் சுற்றி அக்குளில் வைத்தாள்.

"நீயும் சட்டையக் கழட்டு" என்றார் என்னிடம்.

"நானா?"

"வேற யாரு? மார்ல சேத்துக் கட்டிப் புடிச்சிப் படு. மேல கம்பளி போடறேன்."

படுத்தேன். பனிக்கட்டியைக் கட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. மூச்சு வருகிறதா என்று எண்ணிக்கொண்டே இருந்தேன். ஒன்று வந்து அடுத்தது வர எவ்வளவு நேரம்! அந்த இடைவெளியில் நாலு பெண்களும் வரிசையாக வந்து நின்றார்கள். தூங்கவிட்டால் போய்விடுவான் என்று பயந்து, வாயில் வந்ததையெல்லாம் பேசினேன். படித்த கதைகள், நான் எழுதப்போகிற கதைகள், ராமர், அல்லா, இனிமேல் புத்தகத்தையே தொடமாட்டேன் என்ற சத்தியம். நடுவில் அழுதேன் என்றும் நினைக்கிறேன்.

ரொம்ப நேரம் கழித்து அவன் உடம்பு மறுபடி நடுங்கியது. "நல்லது, நடுங்கட்டும்" என்றார் மலைக்காரர். தானாக விழுங்குகிறான் என்று பார்த்த பிறகே வெல்லம் போட்ட சாமைக் கஞ்சியை வெதுவெதுப்பாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினாள் அந்த அம்மாள்.

இரண்டு நாள் கழித்து இறங்கினோம். வண்டியில் வரும்போது, அவனுக்கு நினைவு திரும்பக் காரணமே விடாமல் நான் பேசிய பேச்சுதான் என்று மெதுவாக எடுத்துவிட்டேன்.

"நெனவு எப்பவோ வந்துட்ச்சு தோஸ்த்" என்றான். "கண்ணத் தொறந்தா இன்னும் ஜாஸ்தியா பேசுவியேன்னு மூடிக்கினு கெடந்தேன்."