கல் போட ஒரு ஆள்

எங்கள் ஜீப்புக்கு ஹேண்ட் பிரேக் கிடையாது. ராணுவத்தில் கழித்துப் போட்டதை ஏலத்தில் எடுத்தவரிடமிருந்து வாங்கினேன். வரும்போதே அந்த லிவர் இல்லை. கியரில் போட்டு நிறுத்தலாமே என்பீர்கள். அந்தக் கியர் சரிவில் துள்ளி வெளியே வந்துவிடும். அதனால் நான் கால் பிரேக்கை அழுத்திப் பிடித்திருப்பேன், என் மனைவி குதித்து இறங்கிப் பின்சக்கரத்துக்குப் பின்னால் கல்லைப் போடுவாள். "போட்டாச்சுங்க" என்று அவள் குரல் வந்த பிறகுதான் காலை எடுப்பேன். சோலூர் மலைப் பக்கம் சமதரை எங்கே இருக்கிறது? தேயிலை ஃபேக்டரி, கடை, எங்கள் வீட்டு வாசல், எல்லாமே சரிவுதான். ஒரு ஹேண்ட் பிரேக் மாட்டிக்கொள்ளேன் என்று சொன்னவர்களிடமெல்லாம், "கல் போட ஆள் இருக்குதுங்க, அது எதுக்குத் தண்டமா?" என்று மிதப்பாகச் சொல்லியிருக்கிறேன்.

பிறகு தேயிலை விலை விழுந்தது. பறிக்கிற கூலிகூட இலை விற்ற காசில் கிடைக்கவில்லை. ஊரில் பாதிப் பேர் திருப்பூருக்குப் பஸ் ஏறினார்கள். அவளும் அங்கே தங்கை வீட்டில் தங்கிப் பனியன் கம்பெனிக்குப் போகிறேன் என்றாள். "பொங்கலுக்கு வந்துருவனுங்க. அப்பறம் பாத்துக்கலாம்." அந்தப் 'பாத்துக்கலாம்' எனக்குப் பிடிக்கவேயில்லை. வந்தால் தங்குவாளா, மறுபடி போய்விடுவாளா? அவள் போன நாளிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. இருக்கிற கொஞ்சம் தோட்டத்தையும் ஜீப்பையும் விட்டுவிட்டு நான் எங்கே போவது?

ஃபேக்டரியில் யாராவது கல் போட்டுவிடுவார்கள்; வீட்டு வாசலில் பக்கத்து வீட்டுக்காரர் போடுவார். ஒரு மாலை, இலை மூட்டைகளை இறக்கிவிட்டுத் தூறலில் வந்து வீட்டு வாசலில் நிறுத்தினேன். பழக்கதோஷம், "போட்டாச்சா?" என்று கேட்டும்விட்டேன். யார் பதில் சொல்வது? காலை எடுத்தால் வண்டி பின்னால் ஓடும். ஹாரன் அடித்தேன். பக்கத்து வீடு பூட்டிக் கிடந்தது; அதற்கடுத்ததும் அப்படியே. கையெட்டும் தூரத்தில் என் வீட்டுக் கதவு, இறங்க வழியில்லை. என்ன பொழப்புடா இது என்று வாய்விட்டே கத்தினேன். கால் மரத்துப்போனதும், வண்டியை மெல்லப் பின்னால் இறக்கிப் பஸ் நிறுத்தத்துச் சமதரையில் விட்டுவிட்டு, நனைந்துகொண்டே ஏறி வந்தேன். அன்றைக்கு அடுப்பு மூட்டவில்லை.

மறுநாளே மெக்கானிக்கிடம் போனேன். அவர் கோயம்புத்தூர்ப் பழைய இரும்புக் கடைகளில் தேடி, வண்டிக்கு அடியில் சுழலும் ஷாஃப்ட்டில் மாட்டுகிற ஒரு சின்ன டிரம்மும் லிவரும் கேபிளும் கொண்டுவந்தார். மாட்டி முடித்துச் சரிவில் நிறுத்திக் காட்டினார். லிவரை இழுத்ததும் வண்டி ஒரு விரற்கடை பின்னால் போய் நின்றது.

"அப்படித்தானுங்க இருக்கும். இனி உங்களுக்கு யாரு தயவும் வேண்டாம்" என்றார். மனுஷன் நல்லெண்ணத்தில்தான் சொன்னார். எனக்குத்தான் எரிச்சலாக வந்தது. கல்லைத் தூக்கி எறிய மனம் வரவில்லை. அவள் சீட்டுக்கு அடியிலேயே கிடந்தது.

பொங்கலுக்கு வந்தாள். பஸ் நிறுத்தத்தில் ஏற்றிக்கொண்டேன். இளைத்திருந்தாள். வாசலுக்கு வந்ததும் கல்லைக் கையில் எடுத்து, ஒரு காலை வெளியே வைத்துவிட்டாள். என் கை தன்போக்கில் லிவரை இழுத்தது. வண்டி விரற்கடை நகர்ந்து நின்றது.

"ஏனுங்க, இது எப்ப?"

"நீ போனப்பறம்."

கல்லை மடியில் வைத்துக்கொண்டு லிவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது. "அப்பாடா! இந்தச் சரிவுல ஒண்டியா என்ன பண்றீங்களோன்னு அங்க எனக்குச் சோறே எறங்கலைங்க. அதனாலயே வேலைய உட்டர்றன்னு சூப்பர்வைசர்கிட்டச் சொல்லிப்போட்டு வந்தன்."

நான் அவள் மடியிலிருந்த கல்லை எடுத்துச் சீட்டுக்கு அடியில் வைத்தேன்.

"இனி பயமில்லைங்களே. பொங்கல் முடிஞ்சதும் வந்தர்றன்னு பூத்துல இருந்து ஒரு போன் போட்டுச் சொல்லிரட்டுங்களா? வெல ஏறற வரைக்கும்தான்."

வேண்டாம், இங்கேயே இரு என்று வாய் வரை வந்தது. ஃபேக்டரியில் அன்று சொன்ன விலையும் நினைவுக்கு வந்தது. "சொல்லிரு" என்றேன்.

அவள் பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். ஹேண்ட் பிரேக் நன்றாகத்தான் பிடித்திருந்தது. நான்தான் வெகுநேரம் பிரேக்கிலிருந்து காலை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன்.