வெட்டாத வீடியோ

எனக்கு இடது காது கேக்காது. கொஞ்சம் மந்தம்னு இல்ல, சுத்தமா கேக்காது. சில வருஷம் முன்ன ஒரு காய்ச்சல் வந்துச்சு, போறப்ப அந்தக் காதையும் எடுத்துட்டுப் போயிடுச்சு. வேலூர்ல காட்டினோம். நரம்பு விஷயம், மெஷின் வெச்சாலும் பெருசா பிரயோஜனம் இருக்காதுன்னுட்டாங்க. வீட்டுக்காரருக்குத் தெரியும். அவரைத் தவிர யார்கிட்டயும் சொல்லல. முக்கியமா பள்ளிக்கூடத்துல மூச்சு விடல.

சொல்லியிருக்கலாமேன்னு சுலபமா கேட்டுடலாம். எங்களுது தனியார் பள்ளிக்கூடம். வருஷா வருஷம் ஜூன்ல ஆர்டர் குடுத்தாதான் வேலை. விளையாட்டு சொல்லித்தர்ற சார் ஒருத்தர் முட்டி ஆபரேஷன் பண்ணிட்டு வந்தார். "நல்லா ரெஸ்ட் எடுங்க சார், அவசரமே இல்ல"ன்னு அவ்ளோ அன்பா சொன்னாங்க. அடுத்த ஜூன்ல அவருக்கு போனே வரல. அந்த அன்பை நெனச்சாலே எனக்கு பயம். அதனால ஸ்டாஃப் ரூம்ல எனக்கு இடது பக்கம் சுவரு வர்ற நாற்காலியா பாத்துதான் உக்காருவேன். மீட்டிங்னா முன்னாடியே போயி இடது ஓரத்து சீட்டைப் பிடிச்சிடுவேன். யாராவது கூப்பிட்டு நான் திரும்பலன்னா, அந்த மிஸ்ஸுக்கு தலைக்கனம் ஜாஸ்தின்னு பேசிப்பாங்க. பேசிக்கட்டும். செவிடுன்னு பேசறதுக்கு இது எவ்வளவோ தேவலை.

எங்க வீடு அடி அண்ணாமலையில, கிரிவலப் பாதை மேலயே. பௌர்ணமின்னா மைக்செட்டு, ஊதல், பலூன்காரன், கூட்டம்னு தெருவே அதிரும். பக்கத்துல நிக்கறவங்க காதுல வாய வெச்சு கத்தினாதான் பேச்சு. மாசத்துல அந்த ஒரு நாள்தான் எனக்கு நிம்மதி. அன்னிக்கு ஊர்ல யாருக்குமே காது கேக்காது.

இப்படிப் போயிட்டு இருந்தப்பதான் இந்த டிஜிட்டல் போர்ட்ஃபோலியோ வந்து சேர்ந்துச்சு. டீச்சர்ங்க எல்லாரும் ஒரு சான்றிதழ் வாங்கணும், வாங்காதவங்களுக்கு ஜூன்ல ஆர்டர் கெடையாதுன்னு கரஸ்பாண்டென்ட் சொல்லிட்டார். பரீட்சை எல்லாம் இல்ல. நாம என்ன மாதிரி டீச்சர்னு காட்டறதுக்கு எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஒண்ணா சேத்து சான்றிதழ் குடுக்கறவங்களுக்கு அனுப்பணும். படிச்ச சர்டிபிகேட், பாடத்திட்டம், பசங்க செஞ்ச வேலையோட போட்டோ. வீட்டுக்காரர் வேங்கிக்கால்ல கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஜெராக்ஸ் கடை வெச்சிருக்கார், ஸ்கேன் பண்ற வேலைய அவர் தலையில கட்டிட்டேன். அதுக்கப்புறம்தான் வந்துச்சு வம்பு. ஒரு முழு வகுப்பை வீடியோ எடுக்கணுமாம். டீச்சர் உள்ள வர்றதுலருந்து பாடம் முடியற வரைக்கும், எங்கயும் வெட்டாம. அந்த வீடியோவ நாமளே பாத்துட்டு, 'உங்கள் வகுப்பில் நீங்கள் கவனித்தது என்ன?'ங்கற கட்டத்துல எழுதவும் எழுதணுமாம்.

'வெட்டாமல்'ங்கற வார்த்தைய மறுபடி மறுபடி படிச்சுப் பாத்தேன்.

எங்க கம்ப்யூட்டர் மிஸ் சின்னப் பொண்ணு, நல்ல மாதிரி. போன் வெக்கிற ஸ்டாண்டு குடுத்து, "ஜன்னல் பக்கம் வைங்க மிஸ், வெளிச்சம் நல்லா விழும்"னா. என் கிளாஸ்ல பசங்களப் பாத்து நின்னா ஜன்னல் எனக்கு இடது பக்கம். நான் அதை யோசிக்கல. மூணாங் கிளாஸ், மணி பாக்கிற பாடம். பேப்பர் தட்டுல முள்ளு வெச்சு கடிகாரம் செஞ்சு ஆளுக்கொண்ணு குடுத்திருந்தேன். பாடம் பிரமாதமா போச்சுன்னுதான் வீட்டுக்கு வந்தேன்.

சாயங்காலம் வலது காதுல இயர்போன் மாட்டிட்டு போட்டுப் பாத்தேன். நான் பசங்களப் பாத்து நின்னு, குனிஞ்சு கையில இருக்கிற கடிகாரத்துல முள்ளைத் திருப்பிட்டு இருக்கேன். ஜன்னல் பக்க பெஞ்சுலருந்து ஒரு பொண்ணு "மிஸ்"ங்கறா. நான் திருப்பறேன். மறுபடி "மிஸ்". திருப்பறேன். "மிஸ், என்னுது சின்ன முள்ளு கழண்டுடுச்சு மிஸ்." போன் பக்கத்துலயே அவ இருக்கறதால குரல் கணீர்னு கேக்குது. நான் மட்டும் கல்லு மாதிரி நிக்கறேன். கடைசியில எனக்கு வலது பக்க பெஞ்சுலருந்து ஒருத்தி எழுந்து, "மிஸ், அவ கூப்பிடறா"ங்கறா. நான் திரும்பி, "ஏன், அவளுக்கு வாய் இல்லையா? நீ என்ன அவளுக்கு வக்கீலா?"ன்னு கேக்கறேன். சாதாரணமா நான் இப்படி நக்கல் பண்ணா கிளாஸே சிரிக்கும். வீடியோல ஒருத்தர்கூட சிரிக்கல.

அது ஒரு தடவையோட நிக்கல. ஜன்னல் பக்கம் யார் வாயத் தொறந்தாலும் வலது பக்கத்துல ஒரு கை எழும்புது. பெரும்பாலும் அந்த வக்கீலம்மா கைதான். என்னைத் தெரியாத யாரோ ஒருத்தர் எங்கயோ உக்காந்து இதைப் பாக்கப் போறாங்க. பாதி வீடியோ தாண்டறதுக்குள்ள கண்டுபிடிச்சிடுவாங்க. அப்புறம் கரஸ்பாண்டென்ட் ரூம், அதே அன்பு, அதே ரெஸ்ட். எனக்கு சோறு எறங்கல.

"அதான் தெரியப் போகுதுல்ல, நீயே சொல்லிடேன்"னார் வீட்டுக்காரர். "உங்களுக்கென்ன, ஜெராக்ஸ் மெஷினா உங்களை மிஸ்னு கூப்பிடப் போகுது"ன்னு எரிஞ்சு விழுந்தேன். மனுஷன் தட்டை எடுத்துட்டுப் போயிட்டார்.

மறுநாள் கம்ப்யூட்டர் மிஸ், "வீடியோ குடுங்க மிஸ், பாத்து சைஸ் கம்மி பண்ணித் தர்றேன்"னு வந்தா. போன் ஹேங் ஆயிடுச்சு, பதிவே ஆகலன்னு வாய் கூசாம புளுகினேன். கிளாஸுக்குப் போயி பசங்ககிட்ட நாளைக்கு மறுபடி வீடியோன்னேன். அதோட விட்டிருக்கலாம். பயத்துல இருக்கிறவளுக்கு வாய் சும்மா இருக்குமா? "இந்த வாட்டி சரியா வரலன்னா அடுத்த வருஷம் மிஸ் இங்க இருக்க மாட்டேன், புரியுதா?"ன்னு ஒரு அதட்டல் போட்டேன். புரியுது மிஸ்னு எல்லாரும் ஒரே குரல்ல சொன்னாங்க.

இந்த வாட்டி போனை வலது பக்கம் வெச்சேன். நான் உள்ள வர்றதும் தெரியணுமில்ல, அதனால பதிவைத் தட்டி விட்டுட்டு வெளிய போயி, வராந்தாவுல கொஞ்சம் நின்னு புடவையச் சரி பண்ணிட்டு, சிரிச்ச முகமா உள்ள வந்தேன். அதே பாடம், அதே கடிகாரம். ஜன்னல் பக்கம் ஒரு சத்தம் இல்ல. நான் கேட்ட கேள்விக்கெல்லாம் வலது பக்கத்துலருந்தே பதில் வந்துச்சு. சாமி புண்ணியத்துல தப்பிச்சோம்னு நெனச்சேன்.

பாடம் முடிஞ்சு எல்லாரும் எழுந்தாங்க. முள்ளு கழண்டுதுன்னு முந்தி கூப்பிட்ட பொண்ணு மட்டும் எழுந்திரிக்கல. கிட்டப் போயி பாத்தா பெஞ்சு நனைஞ்சிருக்கு, பாவாடை நனைஞ்சிருக்கு. எனக்கு இருந்த படபடப்புல, "ஒண்ணுக்கு வந்தா வாயத் தொறந்து கேக்க மாட்டியா? எட்டு வயசாகுது"ன்னு கத்திட்டேன். அவ வக்கீலம்மாவைத்தான் பாத்தா. ஆயா வந்து கூட்டிட்டுப் போனாங்க.

அன்னிக்கு சாயங்காலம் நேரா வீட்டுக்காரர் கடைக்குப் போனேன். அனுப்ப மறுநாள் வரைக்கும் டைம் இருந்துச்சு, ஆனா மறுநாள் பௌர்ணமி. மத்தியானத்துக்கு மேல கூட்டம் சேந்துட்டா நெட்டு படுத்துடும், எங்க ஊர்ல ஒரு போட்டோகூட போகாது, வீடியோ எங்க போகப் போகுது. அதனால ஏத்தறதுக்கு முன்ன ஒரு தடவை பாத்துடலாம்னு இயர்போன மாட்டினேன்.

ஆரம்பத்துல நான் இல்ல. நான் வராந்தாவுல புடவை சரி பண்ணிட்டு இருக்கேன். கிளாஸ்ல வக்கீலம்மா எழுந்து நின்னு, ஜன்னல் பக்கம் பாத்து ரகசியமா பேசறா. "இன்னிக்கு அங்கருந்து யாரும் மிஸ்ஸ கூப்பிடாதீங்க. மிஸ்ஸுக்கு அந்தக் காது கேக்காதுல்ல, திரும்ப மாட்டாங்க. வீடியோல தெரிஞ்சுடும். அப்புறம் மிஸ்ஸ அனுப்பிடுவாங்க." அந்தப் பக்கத்துலருந்து சின்னதா ஒரு குரல், "ஒண்ணுக்கு வந்தா?" "அடக்கிக்கோ."

அடுத்து நான் சிரிச்சிட்டே குட் மார்னிங் சொல்லிட்டு உள்ள வர்றேன். என் மூஞ்சியப் பாக்கவே எனக்குப் பிடிக்கல. பாதி பாடத்துல அந்தப் பொண்ணு கால் மேல கால இறுக்கிக்கறா. என்னைப் பாக்கறா, வக்கீலம்மாவைப் பாக்கறா. வக்கீலம்மா தலைய ஆட்டறா, வேணாம்னு. நான் பெரிய முள்ளு பத்தி ஜோரா பேசிட்டு இருக்கேன். கடையில ஆள் நிக்கறதுகூட மறந்து போயி அழுதுட்டேன். என் பயத்த இவ்ளோ நாளா எட்டு வயசுப் பசங்க தூக்கிட்டு நடந்திருக்காங்க.

"எதை ஏத்தட்டும்?"னு கேட்டார் வீட்டுக்காரர். ஆரம்பத்துல இருக்கிற பேச்சை மட்டும் வெட்டிட்டா ரெண்டாவது வீடியோ சுத்தம். யாரும் ஒண்ணும் கேக்கப் போறதில்ல. நானும் அதைத்தான் கொஞ்ச நேரம் பாத்துட்டு இருந்தேன், பொய் சொல்லல. அப்புறம் மொதல் வீடியோவையே ஏத்தச் சொன்னேன். நான் கவனிச்சது என்னங்கற கட்டத்துல, 'எனக்கு இடது காது கேட்காது. அந்தப் பக்கத்துக் குழந்தைகளின் குரலை மற்ற குழந்தைகள்தான் எனக்கு எடுத்துச் சொல்கிறார்கள்'னு அடிச்சேன். அனுப்புங்கற பட்டனை நான்தான் அமுக்கினேன். மனசு லேசாகும்னு பாத்தா, ஆகல. ரிசல்ட் இன்னும் வரல. ஜூன்ல ஆர்டர் வருமான்னும் தெரியாது.

மறுநாள் காலையில கிளாஸுக்குப் போனதும் அந்தப் பொண்ணை மேஜைகிட்ட கூப்பிட்டேன். வந்து என் இடது பக்கம் நின்னா. "நேத்து தப்பு மிஸ் மேலதான். இனிமே எது வேணும்னாலும் எழுந்து வந்து என் கையத் தொடு"ன்னேன். அப்புறம், கேக்கவே பயமா இருந்துச்சு, ஆனாலும் கேட்டேன். "மிஸ்ஸுக்குக் காது கேக்காதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

கிளாஸ்ல எல்லாரும் தலையக் குனிஞ்சாங்க. வக்கீலம்மாகூட குனிஞ்சிட்டா. அந்தப் பொண்ணு என் நாற்காலிக்குப் பின்னால சுத்திப் போயி, வலது பக்கம் வந்து நின்னு, அப்புறம்தான் வாயத் தொறந்தா.

"போன வருஷ அக்காங்க சொன்னாங்க மிஸ். அவங்களுக்கு அதுக்கு முன்ன வருஷ அக்காங்க சொன்னாங்களாம். அந்த மிஸ்கிட்ட இந்தப் பக்கம் வந்துதான் பேசணும், ஆனா நமக்குத் தெரியும்னு காட்டிக்கக் கூடாது, மிஸ் பயந்துக்குவாங்கன்னு."