நான் அழித்த குரல்

நைனாவுக்கு வாதம் வந்து வலது கை விழுந்தபோது வீட்டில் யாரும் பெரிதாக அழவில்லை. வலை இழுக்க அண்ணன் இருந்தான். பேச்சும் சேர்ந்து போனது தெரிந்த பிறகுதான் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். காரணம், பாடு. ஏரியில் யார் எந்த இடத்தில் வலை போடுவது என்று எங்கள் ஊரில் வருஷம் ஒருமுறை சீட்டுக் குலுக்குவார்கள். அதற்குத்தான் அந்தப் பெயர். கூப்பிட்டதும் குடும்பத் தலைவர் தன் வாயால் "கீறேன்", அதாவது இருக்கிறேன், என்று சொல்ல வேண்டும். கை தூக்கினால் செல்லாது, மகன் பதில் சொன்னாலும் செல்லாது. சொல்லாதவருக்கு அந்த வருஷம் இடமில்லை. அடுத்தவன் வலையில் கூலிக்குப் போக வேண்டியதுதான்.

எண்பதுகளின் தொடக்கம் அது. வாரா வாரம் படகும் பஸ்ஸும் ரயிலும் மாறிப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போக எங்களால் முடியாது. அங்கே பேச்சுப் பயிற்சி கொடுக்கும் டாக்டரம்மா ஒரு வழி சொன்னார். பயிற்சியைத் தன் குரலில் பதிந்து கேசட்டாகத் தருவார். நைனா சொல்லிப் பார்ப்பதை நான் பதிந்து பொன்னேரியிலிருந்து தபாலில் அனுப்ப வேண்டும். அதைக் கேட்டுவிட்டு அடுத்த கேசட் அனுப்புவார். பழவேற்காட்டு பாய் ஒருவர், மகன் துபாயிலிருந்து கொண்டுவந்த டேப் ரிக்கார்டரை இரவல் தந்தார். வீட்டில் எட்டாவது வரை படித்தவள் நான் ஒருத்திதான் என்பதால் பொத்தான்கள் என் பொறுப்பு. அதில் எனக்குக் கொஞ்சம் திமிர்கூட இருந்தது.

"கீறேன்" என்ற அந்த ஒரு சொல்லுக்கு நைனா இருபது தடவை முக்குவார். எச்சில் வழியும். ஊருக்கே குரல் கொடுத்த மனிதர் இப்படி முனகுவதை முகம் தெரியாதவர்கள் கேட்பதா என்று எனக்கு வெட்கம். இறால் கூடையில் உடைந்ததைக் குழம்புக்கு ஒதுக்கிவிட்டு முழுசானதை மட்டும் பட்டணத்துக்கு அனுப்பிப் பழகிய கை என்னுடையது. திக்கியதையெல்லாம் பின்னால் ஓட்டி அழித்தேன். தேறிய ஒன்றை மட்டும் அனுப்பினேன்.

"ரொம்ப நல்லா வருது. இனிமே நீளமா பேச ஆரம்பிக்கலாம்" என்று டாக்டரம்மாவின் பதில் வந்தது. நான் பூரித்துப்போனேன். நைனா கேசட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பாடு போடும் நாளில் பெண்கள் கோயிலுக்கு வெளியே நின்றோம். நைனாவின் பெயரை மூன்று முறை கூப்பிட்டார்கள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. "இன்னாப்பா, கீறியா இல்லியா?" என்றார் ஊர்ப் பெரியவர். பிறகு அடுத்த பெயருக்குப் போனார்.

அந்த வாரமே பட்டணத்துக்குப் போய் டாக்டரம்மாவிடம் உண்மையைச் சொன்னேன்.

"தப்பா வர்றதை வெச்சுத்தாம்மா நான் வேலை செய்யணும். நல்லதை மட்டும் அனுப்பினா எதைச் சரிபண்றது?" என்றார். திட்டியிருந்தால் மனசு ஆறியிருக்கும். வீட்டில் நைனாவிடமும் சொன்னேன். நாலு நாள் அவர் என் கையால் கஞ்சி வாங்கவில்லை. ஐந்தாம் நாள் டேப் ரிக்கார்டரை இடது கையால் என் பக்கம் தள்ளினார். அதற்குப் பிறகு நான் எதையும் அழிக்கவில்லை. அண்ணன் அந்த வருஷம் முழுக்கக் கூலிக்குப் போனான். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மறு வருஷம் நைனாவின் பெயர் வந்தது. முதல் தடவை ஒன்றுமில்லை. இரண்டாம் தடவை "கீ... கீ..." என்று இழுத்தது. யாரோ ஒருவன் சிரித்தான். பெரியவர் மூன்றாவது முறை கூப்பிடாமல் காத்திருந்தார். கடைசியில் எச்சிலோடு "கீ...றேன்" என்று வந்து விழுந்தது. நைனா பெயர் எழுதிய சீட்டைக் குலுக்கும் சட்டிக்குள் போட்டார்கள்.

நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். வாரா வாரம் வெட்கப்பட்டு நான் அழித்தது அந்தக் குரலைத்தான்.