ஒத்தீலியா ஹாரன் அடித்தால் வசந்தம்

ஜன்னலைத் தள்ளிவிட்டு, இடது கையை முழங்கைவரை வெளியே நீட்டி, விரல்களை விரித்துக் காற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டே வருகிறாள் ஒத்தீலியா. அவள் ஓட்டுகிற மஞ்சள் பள்ளிக்கூட பஸ் நிறுத்தத்தில் நிற்கிறது. கதவு திறந்ததும் பிள்ளைகளை முந்திக்கொண்டு தாய்மார்கள் தலையை நீட்டுகிறார்கள்.

"ஒத்தீலியாக்கா, நட்டுரலாமா?"

"பொறு. மரம் இன்னும் தூங்குது."

"கடையில தக்காளி நாத்து வந்துருச்சேக்கா!"

"கடைக்காரனுக்கு என்ன? இது செத்தா இன்னொன்னு விப்பான். பிள்ளைய ஏத்து, நேரமாச்சு!"

பாலைவன நகரமான டூசானின் தெற்குப் பக்கம் முழுக்க இதுதான் பிப்ரவரி மாதத்துப் பேச்சு. ஒத்தீலியாவுக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. பள்ளிக்கூட பஸ் ஓட்டுவது தொழில், தோட்டம் போடுவது பைத்தியம். வீட்டில் துணி துவைக்கும் அறையில் தயிர் டப்பாக்களில் மிளகாய் நாற்று வளர்க்கிறாள். அவற்றோடு பேசுகிறாள், திட்டவும் செய்கிறாள். பொறுமை என்பது அவளுக்குக் கிஞ்சித்தும் கிடையாது. ரொட்டி ஒரு பக்கம் வேகுமுன்னே புரட்டிவிடுவாள். அடுப்பில் இருக்கிற அவரைக் குழம்பை நாலு தரம் ருசி பார்த்தே பாதியாக்கிவிடுவாள். ஸ்டியரிங்கைப் பிடித்தால் மட்டும் அப்படி ஒரு நிதானம் எங்கிருந்தோ வந்துவிடுகிறது.

இந்தப் பாலைவனத்தில் வசந்தத்துக்கு ஆயுசு குறைவு. முந்தி நட்டால் உறைபனி கருக்கும். பிந்தி நட்டால் மே மாத வெயிலில் பூவெல்லாம் காய் பிடிக்காமல் கொட்டும். நடுவில் கிடைக்கிற கொஞ்ச நாளில் தக்காளி வேர் பிடித்து, பூத்து, காய்த்துத் தொலைக்க வேண்டும். அதனால்தான் இத்தனை பரபரப்பு.

எப்போது நடுவது என்பதற்கு ஊரில் ஒரே கணக்குத்தான். மெஸ்கீட் மரம் துளிர்த்தால் பனி முடிந்தது. மெஸ்கீட் நம்மூர்ச் சீமைக்கருவேலத்துக்குப் பங்காளி. முள்ளும் பிடிவாதமும் அதே மாதிரிதான். இரண்டு நாள் வெயிலடித்தால் பீச் மரம் ஏமாந்து பூத்துவிடும், மெஸ்கீட் ஏமாறாது. ஒத்தீலியா வழக்கமாகப் பார்க்கிற மரம் வறண்ட ஆற்றின் வளைவில் நின்றது. அதில் துளிர் கண்ட அன்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் நீளமாக ஹாரன் அடிப்பாள். அன்று மாலையே தெருத்தெருவாகக் கடப்பாரைச் சத்தம் கேட்கும். போன கோடையில் பாலத்தை அகலமாக்க வந்தவர்கள் அந்த மரத்தை வெட்டிவிட்டார்கள்.

மரம் போனாலும் மனசு சும்மா இருக்குமா? இந்த வருடம் பிப்ரவரி கடைசியில் சட்டையைக் கழற்றிப் போடுகிற மாதிரி வெயிலடித்தது. புது மருந்துக்கடை வாசலில் நின்ற மெஸ்கீட் பச்சைப்பசேலென்று துளிர்த்திருந்ததைப் பஸ்ஸிலிருந்தே பார்த்துவிட்டாள். "வந்துருச்சுடீ!" என்று அவள் போட்ட கூச்சலில் முதல் சீட்டுப் பிள்ளைகள் அலறின. ஹாரன் அடித்தாள். தெரு முழுக்க நட்டார்கள். யேசெனியா என்கிற இளம் தாய், வாழ்க்கையிலேயே முதல் தோட்டம், சுண்ணாம்புப் பாறையாய்க் கிடந்த கொல்லையைத் தனியாளாக உடைத்து, கொப்புளம் வந்த கையோடு நட்டாள்.

நடாதவர் ஒருவர் உண்டு. கடைசி நிறுத்தத்துச் செஃபெரினோ, தாமிரச் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருக்கும் ஒத்தீலியாவுக்கும் வருடா வருடம் போட்டி, யார் தோட்டத்துத் தக்காளி முதலில் சிவக்கிறது என்று. அவருடைய நாற்றுகளை 'நோஞ்சான்' என்றுதான் அவள் கூப்பிடுவாள்.

மார்ச் முதல் வாரத்தில் ஒரு மதியம், மூன்று நாளாய்ப் புழுதி வாரி இறைத்த காற்று சட்டென்று அடங்கியது. வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. ரேடியோவில் உறைபனி எச்சரிக்கை வந்தது. பேத்தியை அழைத்துப்போக நின்ற செஃபெரினோ பஸ் கதவில் கையை ஊன்றினார்.

"ஏ ஒத்தீலியா, எந்த மரத்தைப் பாத்து ஹாரன் அடிச்ச?"

"மருந்துக்கடை வாசல்ல நிக்குதே, அது."

"கிட்டப் போய்ப் பாத்தியா?"

"கிட்ட வேற போகணுமா? அதான் கண்ணைப் பறிக்குதே பச்சை!"

"முள்ளு இருந்துச்சா?"

ஒத்தீலியா ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துத் தலையில் வைத்தாள். முள்ளைப் பார்த்த ஞாபகமே இல்லை.

"அது தெக்கேயிருந்து, வேத்து நாட்டுலேருந்து வந்த மெஸ்கீட்டும்மா. நிழலுக்குன்னு வாங்கி வைக்கிறது, முள்ளே கிடையாது. அதுக்கு நம்மூருக் குளிரு என்ன தெரியும்? நாலு நாள் வெயிலைக் கண்டா துளிர்த்துரும்."

"அடப் பாவி மனுசா, அன்னைக்கே சொல்லறதுக்கென்ன?"

"அன்னைக்கு நீ யாரைப் பேச விட்ட?"

அது உண்மைதான். பஸ்ஸைக் கொண்டுபோய் விட்ட கையோடு வீட்டுக்கு ஓடினாள். போர்வை, திரைச்சீலை, மேசைவிரிப்பு, மகன் சின்ன வயதில் போர்த்திய ராக்கெட் படம் போட்ட விரிப்பு எல்லாவற்றையும் வேனில் அள்ளிப் போட்டாள். அவள் பதறியது தன் செடிகளுக்காக மட்டும் இல்லை. அவள் வாயை நம்பித்தானே தெருவே நட்டிருக்கிறது!

சூரியன் இறங்குமுன் அவள் ஆடிய ஆட்டத்தை ஊர் இன்னும் சொல்லிச் சிரிக்கிறது. பனி படாமலிருக்கக் கள்ளிச்செடி முனைகளுக்கு ஆட்கள் தெர்மகோல் கோப்பைகளைக் கவிழ்த்துக்கொண்டிருந்த வாசல்களில் எல்லாம் வேன் சீறிக்கொண்டு போய் நின்றது.

"முதல்ல தண்ணி விடு! ஈர மண்ணுதான் சூட்டைப் பிடிச்சு வைக்கும்! ஏய், பிளாஸ்டிக் வேணாம், இலையில பட்டா அதுவே கருக்கிரும்! துணி தரையத் தொடணும், ஓரத்துல கல்லை வை!"

கடைசியாக யேசெனியா வீடு. பாத்தி நீளம், கொண்டுபோன துணி போதவில்லை. ஒத்தீலியா வேனின் அடியிலிருந்து ஒரு கனத்த விரிப்பை உருவினாள்.

"அக்கா, இது உங்க கட்டில் விரிப்பாச்சே! உங்க செடிக்கு?"

"எங்கிட்ட இல்லாததா? நீ அந்த முனையப் பிடி!"

அவளிடம் ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வந்து பழைய செய்தித்தாளும் அட்டைப்பெட்டியும் போட்டு மூடினாள்.

மறுநாள் காலை, இருட்டோடு பஸ் எடுக்கப் போனவள் தன் கொல்லையைப் பார்க்கவில்லை. முதல் நிறுத்தத்தில் கதவு திறக்குமுன்னே சத்தம் வந்தது. "பொழைச்சுருச்சுக்கா!" அடுத்த நிறுத்தத்திலும் பிழைத்திருந்தன. யேசெனியா கொப்புளம் ஆறாத கையால் பஸ்ஸின் பக்கவாட்டில் பட்பட்டென்று தட்டினாள். "எல்லாம் நிக்குதுக்கா! ஒண்ணுகூடச் சாகல!" ஒத்தீலியா ஸ்டியரிங்கில் குத்தினாள், பிள்ளைகளோடு சேர்ந்து கத்தினாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தாள்.

பிள்ளைகளை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து அட்டைப்பெட்டியைத் தூக்கினாள். தக்காளி, மிளகாய், எல்லாம் கருத்துத் துவண்டு, வேகவைத்த கீரையாய்க் கிடந்தன. யூனிஃபார்மோடு மண்ணில் உட்கார்ந்து சத்தமாக அழுதாள்.

அழுகை ஓயுமுன் கேட்டுக்கு வெளியே வண்டிச் சத்தம் கேட்டது. செஃபெரினோ ஒரு தட்டு நிறையத் தக்காளி நாற்றோடு இறங்கினார்.

"கிண்டல் பண்ண வந்தீங்களா?"

"அது நாளைக்கு. இன்னைக்கு இதைக் குடுக்க வந்தேன். எங்கிட்ட இன்னொரு தட்டு இருக்கு. நீ நடலைன்னா நான் யாரோட போட்டி போடுறது?"

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு தட்டை வாங்கினாள். நோஞ்சான் என்று ஒரு வார்த்தை வரவில்லை. பத்து மணிக்கே வெயில் முதுகில் இதமாக ஏறியிருந்தது. வேலியோரத்து மஞ்சள் பூக்களில் தேனீக்கள் மொய்த்தன. நேற்று விட்ட தண்ணீரில் மண் பொலபொலத்து வாசம் விட்டது. பனியா, எங்கே என்று கேட்கிற மாதிரி இருந்தது காலை. ஒத்தீலியாவின் ஆள்காட்டி விரல் அதற்குள் மண்ணில் ஒரு குழி போட்டுவிட்டது.

"ஒத்தீலியா," என்றார் செஃபெரினோ. "மலையடிவாரத்துல முள்ளு மெஸ்கீட்டு இன்னும் மொட்டையாத்தான் நிக்குது. இப்பத்தான் பாத்துட்டு வாரேன்."

அவள் விரலை எடுத்தாள். நாற்றுத் தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய் சமையலறை ஜன்னலில் வைத்தாள். திரும்பி வந்தாள். வாளியைக் கவிழ்த்துப் போட்டு, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.