சுவிட்சுக்குப் போன கை

இலங்கையில் தெரணியகலைப் பக்கம் மூடிக்கிடந்த ரப்பர் பெக்டரி ஒன்றில், சனம் தொட்டு ஒலி எழுப்பிப் பார்க்கும் ஒலிக் கண்காட்சி ஒன்றை நான் வைத்தேன். அதற்காகத் தையல் மெஷின் மோட்டரில் ஓடும் தந்தி இசைக்கருவியைச் செய்துகொடுத்தவர், அதே பெக்டரியில் மெஷின் பிட்டராக இருந்தவர். வலது கையில் இரண்டு விரல்கள் பாதிதான். ஸ்குரூடிரைவரின் பிடியைக் காதில் வைத்து, நுனியை மோட்டரில் ஊன்றி, கண்ணை மூடிக்கொண்டு அதன் ஓட்டத்தைக் கேட்பார்.

கருவியின் தகட்டைத் தொட்டால் சக்கரம் சுழன்று தந்தியை உரசும். முதல் நாளே தோட்டத்துச் சனம் திரண்டு வந்தது. எல்லோரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தார்கள். ஒருவரும் தொடவில்லை.

“நீங்க சொன்னா தொடுவாங்க” என்றேன் பிட்டரிடம்.

“மெஷின்ல கை வைக்காதீங்கன்னு இருவது வருசமா கத்துன வாய்ங்க, சேர். தொடுங்கன்னு எப்படிங்க சொல்றது?”

கடைசியில், ரப்பர் மரத்தில் பால் வெட்டும் பெண் ஒருத்தி தானாகவே தகட்டில் விரலை வைத்தாள். தந்தி முனகியது, பிறகு கணீரென்று எழுந்தது. சனம் சிரித்தது. அதற்குள் பிட்டரின் கை பாய்ந்து சுவிட்சை அணைத்துவிட்டது.

அவளுடைய விரல்களை ஒருமுறை நன்றாகப் பார்த்த பிறகுதான் மறுபடி சுவிட்சைப் போட்டார். தானே செய்த அந்தக் கருவியின் நாதம் அவர் காதில் விழுந்ததா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.